நம்பர் பிளேட்டில் சேறு, கீறல், சந்தனம்... எதுவரை ஓகே? எதற்கு அபராதம்? டெல்டா வாகன ஓட்டிகளுக்கான முழு விளக்கம்

சம்பா அறுவடை நேரத்தில் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் பக்கம் காரில் போய்விட்டு வந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். வயலில் இருந்து ஏறிய டிராக்டர்கள் ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போன களிமண், நடுவில் ஒரு தூறல், எதிரே வந்த லாரி அடித்த சேறு. வீடு வந்து சேரும்போது காரின் நிறமே மாறியிருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால், நம்பர் பிளேட்டில் 'டிஎன் 49' வரை தெரியும். அதற்குப் பிறகு வரும் எண் சேற்றுக்குள் இருக்கும்.

"அப்புறம் கழுவிக்கலாம்" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. காய்ந்த சேற்றைக் கையில் கிடைத்த வைக்கோலால் தேய்த்து எடுப்பவர்களும் உண்டு. "பிளேட் கெடாம இருக்கட்டும்" என்று கடையில் பிளாஸ்டிக் கவர் வாங்கி மாட்டுபவர்களும் உண்டு. இந்த மூன்றிலுமே சிக்கல் இருக்கிறது.

நம்பர் பிளேட்டை எப்படிப் பாதுகாப்பது? பாதுகாக்கிறேன் என்ற பெயரில் செய்யும் எந்த வேலை சட்டப்படி தப்பு? பிளேட் உடைந்தால், வெள்ளத்தில் போய்விட்டால் என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு தகடுதானே, இவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். அபராதத்தைத் தாண்டியும் இதற்குக் காரணம் இருக்கிறது.

இரவு நேரத்தில் ஒரு வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடிபட்டவரோ, பார்த்தவரோ எண்ணைப் படிக்க முடிந்தால், வாகனத்தையும் அதன் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் கண்டுபிடிக்கலாம். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். அங்கே பாதிக்கப்பட்டவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருக்கும் குடும்பம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து இழப்பீடு தீர்மானிக்கப்படும்.

எண்ணைப் படிக்க முடியாமல், வாகனம் எது என்றே தெரியாமல் போனால்? அப்போது மத்திய அரசின் 'ஹிட் அண்ட் ரன்' இழப்பீட்டுத் திட்டம்தான் கைகொடுக்கும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி, உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50 ஆயிரம். அதற்கு முன்பு இது முறையே ரூ.25 ஆயிரமும் ரூ.12,500-ம் மட்டுமே. சம்பாதிக்கும் ஒருவரை இழந்த குடும்பத்துக்குத் தீர்ப்பாயத்தில் கிடைக்கக்கூடிய தொகையோடு ஒப்பிட்டால் இந்த ரூ.2 லட்சம் மிகவும் குறைவு. இந்த வித்தியாசம், பல நேரங்களில் ஒரு நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிந்ததா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. போக்குவரத்து விதிமீறல்களைக் கேமரா மூலம் கண்காணிப்பதற்கு 2021 ஆகஸ்ட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. எண்ணைத் தானாகவே படிக்கும் கேமராக்களும் இதில் அடக்கம். பாதி அழிந்த 8-ஐ 3 என்று படித்துவிட்டால், வீட்டில் சும்மா நிற்கும் இன்னொருவரின் வண்டிக்கு சலான் போகும். இன்னொருவரின் பிளேட் அழிந்திருந்தால் அந்த சலான் உங்களுக்கும் வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 39, பதிவு செய்யாத வாகனத்தையோ, பதிவெண்ணை உரிய முறையில் காட்டாத வாகனத்தையோ பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது. அந்த 'உரிய முறை' எது என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 50 மற்றும் 51-வது விதிகள் சொல்கின்றன.

சாதாரண வாகன ஓட்டி தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை இவை:

• எழுத்துகள் ஆங்கிலத்திலும், எண்கள் 1, 2, 3 என்ற வழக்கமான எண்களிலும் இருக்க வேண்டும்.

• காருக்கான தகடு 500 x 120 மி.மீ. அல்லது 340 x 200 மி.மீ. அளவில் இருக்க வேண்டும்.

• காரில் எழுத்தின் உயரம் 65 மி.மீ., தடிமன் 10 மி.மீ., இடைவெளி 10 மி.மீ.

• வளைத்து நெளித்து எழுதும் ஃபேன்சி எழுத்துக்கு அனுமதி இல்லை.

• தகட்டில் வேறு பெயர், படம், ஓவியம் எதுவும் இருக்கக் கூடாது.

• இரவில் பின் பக்க எண் வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். இதைச் சொல்வது விதி 105.

கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிளேட் பளிச்சென்று இருக்கும், அதற்கு மேலே இருக்கும் குட்டி பல்பு ஃபியூஸ் போயிருக்கும். வாய்க்கால் கரை ரோட்டில் இரவில் அந்தக் காரின் எண் யாருக்கும் தெரியாது. பல்பு மாற்ற ஆகும் செலவோ மிகக் குறைவு.

எச்.எஸ்.ஆர்.பி. தகட்டில் அப்படி என்ன இருக்கிறது?

2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு, அதாவது எச்.எஸ்.ஆர்.பி., கட்டாயம். கம்பெனியே தயார் செய்து டீலர் மூலம் பொருத்திக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் பதிவான பழைய வண்டிகளுக்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கெடு வைக்கிறது. தமிழ்நாட்டுக்கான அறிவிப்பைப் போக்குவரத்துத் துறையின் தளத்திலோ உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தத் தகடு 1 மி.மீ. கனமுள்ள அலுமினியம். மேலே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பிலிம். இடது பக்கத்தில் அசோகச் சக்கரம் பதித்த குரோமியம் ஹாலோகிராம், அதற்குக் கீழே நீல நிறத்தில் 'ஐஎன்டி' என்ற மூன்று எழுத்துகள், லேசரால் பொறித்த நிரந்தர அடையாள எண். கறுப்பு எழுத்துகள் சூடாக்கி அழுத்திப் பதிக்கப்பட்டவை. உற்றுப் பார்த்தால் எழுத்துகளின் மேல் சாய்வாக 'இந்தியா' என்ற சொல் திரும்பத் திரும்ப ஓடுவது தெரியும். பின் பக்கத் தகட்டைப் பிடித்திருப்பது 'ஸ்னாப் லாக்'. ஒரு தடவை கழற்றினால் உடைந்துவிடும், மறுபடி மாட்ட முடியாது.

கார்களுக்கு மூன்றாவதாக ஒரு ஸ்டிக்கரும் உண்டு. முன் கண்ணாடியின் இடது மேல் மூலையில் ஒட்டப்படும் இதில் பதிவெண்ணும் இரண்டு தகடுகளின் லேசர் எண்களும் இருக்கும். பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. உரித்து எடுக்கப் பார்த்தால் கிழிந்துவிடும்.

ஆக, பாதுகாக்க வேண்டியது எழுத்தை மட்டும் அல்ல. பிலிம், ஹாலோகிராம், லேசர் எண், லாக் எல்லாமே சேதமில்லாமல் இருந்தால்தான் அது செல்லுபடியாகும் எச்.எஸ்.ஆர்.பி. தகடு. இந்தப் பிலிம் குறைந்தது 5 ஆண்டுகள் தாங்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. மோதலோ கீறலோ எதுவும் இல்லாமல் அதற்குள் தானாகவே உரிந்தால், டீலரிடம் தைரியமாகக் கேட்கலாம்.

டெல்டாவில் பிளேட் எப்படிக் கெடுகிறது?

*களிமண்:* காவிரி கொண்டுவந்து சேர்த்த மண் நெல்லுக்கு வரம், காருக்கு வினை. ஈரமாக ஒட்டும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகிவிடும். அதைக் காய்ந்த நிலையில் துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். முதலில் போவது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பிலிம்.

*வைக்கோல்:* நெல் வைக்கோலிலும் உமியிலும் சிலிக்கா அதிகம். மணலில் இருப்பதும் அதே பொருள்தான். மாட்டுக்குப் போடும் வைக்கோல் மெதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து, சேற்றைத் தேய்த்து எடுக்க ஒரு பிடி எடுத்தால் பிளேட்டில் நுண்ணிய கீறல்கள் விழும். பகலில் தெரியாது. இரவில் ஹெட்லைட் பட்டால் மங்கலாகத் தெரியும்.

*வரப்பும் வண்டிப்பாதையும்:* கொள்முதல் நிலையத்துக்கும் களத்துக்கும் போகும் பாதைகளில் நடுவில் மேடும் இருபுறம் பள்ளமும் இருக்கும். உயரம் குறைந்த கார்களின் முன் பம்பர் மேட்டில் உரசும்போது, முதலில் அடி வாங்குவது கீழ் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கும் நம்பர் பிளேட்.

*தண்ணீர்:* வடகிழக்குப் பருவமழையில் தரைப்பாலங்களிலும் தாழ்வான ரோடுகளிலும் தேங்கிய தண்ணீருக்குள் வேகமாக இறங்கினால், தண்ணீரின் அழுத்தத்தில் முன் பிளேட் மடங்கும் அல்லது பிய்த்துக்கொண்டு போகும். ஓட்டுபவருக்கு அந்தச் சத்தம்கூடக் கேட்காது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

*உப்புக் காற்று:* நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் வேறு பிரச்சினை. அலுமினியத் தகடு இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. ஆனால் அதை ஒட்டியிருக்கும் சட்டத்தின் இரும்புத் திருகு துருப்பிடிக்கும். உப்பு ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த ஓட்டையைச் சுற்றி அலுமினியமும் வெள்ளைப் பொடியாக அரிக்கத் தொடங்கும். ஓட்டை பெரிதானால் தகடு ஆடும். ஆடும் தகடு சீக்கிரம் விரிசல் விடும்.

பாதுகாக்க என்ன செய்யலாம்?

*1. முதலில் ஊறவிடுங்கள்:* காய்ந்த சேற்றில் தண்ணீர் ஊற்றி 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். களிமண் தானே இளகும். பிறகு தண்ணீர் ஊற்றியே கழுவிவிட்டு, கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஸ்டீல் நார், தேங்காய் நார், மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம்.

*2. வாட்டர் வாஷ் கடையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்:* அழுத்தமான தண்ணீரைப் பிளேட்டின் ஓரத்தில் மிகக் கிட்டத்தில் பிடித்தால் பிலிம் உரியத் தொடங்கும். கொஞ்சம் தள்ளி நின்று, நேராக அடிக்கச் சொல்லுங்கள்.

*3. பின்னால் தாங்கு தகடு:* 1 மி.மீ. அலுமினியம் லேசாகத் தட்டினாலே மடங்கும். பின்புறம் அதே அளவில் ஒரு தாங்கு தகடு இருந்தால் உரசலைத் தாங்கும். இதற்காக லாக்கை உடைக்கக் கூடாது. புது வண்டி எடுக்கும்போதோ, பிளேட் மாற்றும்போதோ டீலரிடமே சொல்லிப் பொருத்திக்கொள்வதுதான் சரி.

*4. ஓரச் சட்டம்:* ஒல்லியான ஓரச் சட்டம் மடங்குவதைத் தடுக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எழுத்து, ஹாலோகிராம், 'ஐஎன்டி', லேசர் எண் இதில் எதையும் அது மறைக்கக் கூடாது. கீழே கொட்டை எழுத்தில் கடைப் பெயரோ சாதிப் பெயரோ போட்ட அகலமான சட்டங்களைத் தவிருங்கள்.

*5. துருப்பிடிக்காத திருகு:* கடலோரத்தில் இருப்பவர்கள், சட்டத்தைப் பிடிக்கும் திருகுகளை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றி, இடையில் ரப்பர் அல்லது நைலான் வாஷர் போடலாம். கம்பெனி போட்ட ஸ்னாப் லாக்கைத் தொட வேண்டாம்.

*6. மட்ஃபிளாப்:* நான்கு சக்கரத்துக்கும் சரியான அளவில் மட்ஃபிளாப் இருந்தால், உங்கள் கார் மேல் சேறு ஏறுவது குறையும். பின்னால் வருபவரின் கண்ணாடிக்கும் நல்லது.

*7. ரிவர்ஸ் எடுக்கும்போது:* 2019 ஜூலை 1-க்குப் பிறகு வந்த புதிய கார்களில் பின் பக்க சென்சார் கட்டாயம். ஆனால் சென்சாரில் சேறு அப்பியிருந்தால் அது சரியாக வேலை செய்யாது. தாழ்வான வரப்பையும் மெல்லிய கல்லுக்காலையும் அது தவறவிடலாம். பிளேட்டைத் துடைக்கும்போது சென்சாரையும் துடைத்துவிடுங்கள்.

*8. போட்டோ எடுத்து வையுங்கள்:* முன், பின் பிளேட்டுகளையும் லேசர் எண்ணையும் தெளிவாகப் போனில் எடுத்து வையுங்கள். தொலைந்தால் புகார் கொடுக்கவும், தப்பான சலான் வந்தால் மறுக்கவும் இது உதவும்.

செய்யவே கூடாதவை

*பிளாஸ்டிக், கண்ணாடி கவர்:* "பிளேட்டுக்குப் பாதுகாப்பு" என்று சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் வெயிலில் கொஞ்ச நாளிலேயே மஞ்சளாகும். உள்ளே தூசியும் ஈரமும் சேரும். இரவில் வெளிச்சம் பட்டால் கவரே பளபளத்து எண்ணை மறைக்கும். நிறமுள்ள கவர் என்றால் சொல்லவே வேண்டாம். எண்ணைப் படிக்க முடியாமல் செய்யும் எந்தப் பொருளும் உங்களைச் சிக்கலில்தான் மாட்டும்.

*ஸ்பிரே, வார்னிஷ்:* பளபளப்புக்காகவோ, கேமராவில் விழாமல் இருப்பதற்காகவோ விற்கப்படும் ஸ்பிரேக்கள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் தன்மையைக் கெடுக்கும். இரண்டாவது வகையை வாங்கினால் 'பாதுகாப்புக்காக' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

*பெயிண்ட், மார்க்கர்:* மங்கிய எழுத்தை ஸ்டிக்கர் கடையில் கறுப்பு பெயிண்டால் இழுத்துக் கொடுப்பார்கள். பழைய சாதாரண பிளேட்டில் அளவு மாறாமல் எழுதினால் பரவாயில்லை. எச்.எஸ்.ஆர்.பி.யில் எழுத்தின் மேல் ஓடும் பாதுகாப்பு அடையாளமே மறைந்துவிடும். அங்கே மாற்றுவதுதான் வழி.

*சுத்தியல்:* மடங்கிய தகட்டைக் கழற்றிக் கல்லில் வைத்துத் தட்டினால் பிலிம் வெடிக்கும், லாக்கும் போகும். லேசான மடிப்பு என்றால், தகடு வண்டியில் இருக்கும்போதே கையால் மெதுவாக நிமிர்த்தலாம். விரிசல் விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

*கிராஷ் கார்டு:* முன் பம்பரையும் பிளேட்டையும் காப்பாற்ற இரும்புக் குழாய் மாட்டுவது டெல்டா கிராமங்களில் சகஜம். ஆனால் வாகனத்தின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கும் பிரிவு 52-ஐச் சுட்டிக்காட்டி, இவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. நடந்து போகிறவர் மீது மோதினால் இந்தக் கம்பி காயத்தை அதிகமாக்கும். நம்பர் பிளேட்டையும் குறுக்கே மறைக்கும்.

ஆயுத பூஜைச் சந்தனமும், கல்யாணக் கார் பூவும்

ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது நம் வழக்கம். யாரும் அதை விடச் சொல்லவில்லை. பானெட்டில் வையுங்கள், ஸ்டியரிங்கில் வையுங்கள், பிளேட்டை மட்டும் விட்டுவிடுங்கள். குங்குமச் சாயம் வெள்ளைப் பிலிமில் ஊறினால் லேசில் போகாது. பொட்டு சரியாக ஓர் எண்ணின் மேல் விழுந்தால் 1 என்பது 7 மாதிரியும் தெரியும். கட்டிய மாலையும் வாழைக்கன்றும் பிளேட்டை மறைத்தபடி அடுத்த நாள் ரோட்டில் ஓடக் கூடாது.

கல்யாணக் காருக்கும் இதே கதைதான். பூ அலங்காரம் செய்பவரிடம் பின் பக்கப் பிளேட்டை விட்டுவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். மண்டபத்திலிருந்து வீடு வரை போகும் தூரம் கொஞ்சம்தான் என்றாலும், அதுவும் பொதுச் சாலைதான்.

தமிழில் நம்பர் எழுதலாமா?

தமிழ் மேல் உள்ள பற்றால் சிலர் 'தநா 49' என்று எழுதி, தமிழ் எண்களையும் போட்டு ஓட்டுகிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் இப்போதுள்ள மத்திய விதி ஆங்கில எழுத்தையும் வழக்கமான எண்களையும் மட்டுமே ஏற்கிறது. மத்திய விதி மாறும் வரை தமிழ் பிளேட்டுக்கு அபராதம் விதிக்கலாம். எச்.எஸ்.ஆர்.பி. தகட்டில் தமிழ் ஸ்டிக்கரை ஒட்டி மறைத்தால் கூடுதல் சிக்கல்.

பற்றைக் காட்ட காரின் பின் கண்ணாடிக்கு வெளியே பாடி முழுக்க இடம் இருக்கிறது. பிளேட்டில் வேண்டாம்.

இதே விதிதான் 'பிரஸ்', 'போலீஸ்', 'வக்கீல்' ஸ்டிக்கருக்கும், கட்சிச் சின்னத்துக்கும், தலைவர் படத்துக்கும். 2024-ல் சென்னை போக்குவரத்து போலீசார் இதற்குக் கெடு விதித்து, மே 2 முதல் நடவடிக்கை எடுக்கப்போவதாக அறிவித்தபோது, நம்பர் பிளேட்டில் உள்ள ஸ்டிக்கர்களுக்கு எடுத்துக்காட்டியது இந்த 50-வது விதியைத்தான். விதி சென்னைக்கு மட்டும் அல்ல, தஞ்சாவூருக்கும் அதேதான்.

டிராக்டர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நெல் மூட்டை, கரும்பு, வைக்கோல் ஏற்றிய டிரெய்லருக்குப் பின்னால் இரவில் போனவர்களுக்குத் தெரியும். சில நேரம் விளக்கும் இருக்காது, நம்பரும் இருக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 61 இதைத் தெளிவாகச் சொல்கிறது. டிரெய்லருக்கு என்று கொடுத்த பதிவெண் டிரெய்லரில் இருக்க வேண்டும். அதோடு, இழுத்துச் செல்லும் டிராக்டரின் எண்ணும் டிரெய்லரில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் டிரெய்லர் இருந்தால் கடைசி டிரெய்லரில் இருக்க வேண்டும். காரணம் எளிமையானது. பின்னால் வருபவருக்கு டிராக்டரின் பிளேட் தெரியவே தெரியாது.

வைக்கோல் ஏற்றும்போது தொங்கும் கட்டுகள் எண்ணை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்று வயலில் இருந்து ரோட்டுக்கு ஏறும் முன் ஒரு குடம் வாய்க்கால் தண்ணீரைப் பின் பக்கம் ஊற்றினாலே போதும். எண்ணும் தெரியும், சிவப்பு ரிஃப்ளெக்டரும் தெரியும்.

அபராதம் எவ்வளவு?

• விதிப்படி இல்லாத நம்பர் பிளேட்டுக்குப் பொதுவாகப் பயன்படுவது பிரிவு 177. முதல் முறை ரூ.500 வரை, அடுத்தடுத்த முறை ரூ.1,500 வரை.

• பதிவு தொடர்பான பிரிவு 39-ஐ மீறி ஓட்டியதாக வழக்கு வந்தால் பிரிவு 192 பாயும். முதல் முறை குறைந்தது ரூ.2 ஆயிரம், அதிகபட்சம் ரூ.5 ஆயிரம். மறுபடி செய்தால் ரூ.5 ஆயிரம் முதல் ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை.

• வேறு வண்டியின் எண்ணை வேண்டுமென்றே மாட்டி ஓட்டினால் அது போக்குவரத்து அபராதத்தோடு நிற்காது, குற்ற வழக்காகும்.

மழையில் ஓடிக்கொண்டிருக்கும்போது சேறு பட்டால் உடனே அபராதமா? அந்த இடத்தில் போலீசார் துடைக்கச் சொல்லி விட்டுவிடலாம். ஆனால் "மழை பெய்தது" என்பது சட்டத்தில் விலக்கு இல்லை. காய்ந்து இறுகிய சேற்றோடு மறுநாள் காலை டவுனுக்குள் வந்தால் அந்தச் சமாதானமும் எடுபடாது. டிக்கியில் ஒரு துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்திருப்பது சுலபம்.

பிளேட் சேதமானால் என்ன செய்வது?

1. வண்டியை வாங்கிய கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகுங்கள். ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டு போங்கள்.

2. ஒரு பிளேட் மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

3. பழைய பிளேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பழையதை ஒப்படைத்து, அது அழிக்கப்பட்ட பிறகுதான் புதியது கொடுக்க வேண்டும் என்பது எச்.எஸ்.ஆர்.பி. உத்தரவில் உள்ள நிபந்தனை. குப்பையில் கிடக்கும் உங்கள் நம்பர் வேறு வண்டியில் ஏறினால் போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்கு.

4. புதிய பிளேட்டில் லேசர் எண் மாறும். முன் கண்ணாடி ஸ்டிக்கரும் அதற்கேற்ப இருக்கிறதா என்று பாருங்கள்.

5. ரோட்டோர ஸ்டிக்கர் கடையில் எச்.எஸ்.ஆர்.பி. 'மாதிரி' செய்து தருவதை வாங்காதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், லேசர் எண் எந்தப் பதிவிலும் இருக்காது.

தொலைந்துவிட்டால்?

வெள்ளத்தில் போனாலும், யாராவது கழற்றிக்கொண்டு போனாலும், முதல் வேலை காவல் நிலையத்தில் புகார். சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாள், எந்த இடம், முன் பிளேட்டா பின் பிளேட்டா என்பது அதில் இருக்க வேண்டும். அந்த நகலோடு டீலரிடம் போனால்தான் புதிய பிளேட்டுக்கு ஆர்டர் எடுப்பார்கள்.

புகார் கொடுக்காமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். உங்கள் பிளேட்டை மாட்டிக்கொண்டு யாரோ ஏதாவது செய்துவிட்டால், "அன்றைக்கே தொலைந்துவிட்டது" என்று நிரூபிக்க அந்த ஒரு தாள்தான் இருக்கும். சம்பந்தமில்லாத சலான் வந்தாலும், பரிவாஹன் இ-சலான் தளத்தில் ஆட்சேபம் தெரிவிக்கும்போது அதையே இணைக்கலாம்.

இன்சூரன்ஸில் க்ளெய்ம் செய்யலாமா?

விபத்தில் பம்பரோடு சேர்ந்து பிளேட்டும் உடைந்தால், மொத்த க்ளெய்மில் அதைக் கேட்டுப் பார்க்கலாம். பிளேட் மட்டும் என்றால் யோசியுங்கள். க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் 'நோ க்ளெய்ம் போனஸ்' 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை போகும். சின்னத் தொகைக்காக அதை இழப்பது லாபமில்லை.

வெளிநாடுகளில் எப்படி?

நம் ஊரில் மட்டும் இந்தக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் எண் சரியாகத் தெரியாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். சேறு படிந்து படிக்க முடியாமல் போனாலும் இது பொருந்தும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பிளேட் மேல் கவர் போடுவதற்கே தடை.

வண்டி எடுக்கும் முன் ஒரு நிமிடம்

காலையில் சாவியைப் போடும் முன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். முன் பிளேட் இருக்கிறதா, ஆடுகிறதா? பின் பிளேட்டில் எல்லா எழுத்தும் தெரிகிறதா? விளக்கைப் போட்டால் பிளேட் மேல் பல்பு எரிகிறதா? பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று உங்கள் எண்ணை நீங்களே படித்துப் பாருங்கள்.

உங்களால் படிக்க முடியவில்லை என்றால், இரவு ரோட்டில் அவசரத்தில் பார்க்கும் ஒருவரால் நிச்சயம் முடியாது. ஒரு குடம் தண்ணீரும் ஒரு பழைய பருத்தித் துணியும் போதும். அதற்கு மேல் எந்தக் கவரும் தேவையில்லை.